ஆயிரத்து முந்நூறு கிராமுக்கு மேலே

என் வீட்டுக்காரருக்கு வேலை மூளை நிறுப்பது. கேட்பவர்கள் சிரிப்பார்கள்; கல்யாணமான புதிதில் நானும் சிரித்தவள்தான். மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு பிரிவில் உதவியாளர். தானமாக வரும் உடல்களிலிருந்து எடுக்கும் மூளையை எடை போட்டு, மருந்துத் தண்ணீர் ஊற்றிய ஜாடியில் இறக்கி, மூடியில் வயதைப் பொறித்து, ஆணா பெண்ணா என்று சீட்டு ஒட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடம் இதையே செய்த மனிதருக்கு வீட்டில் வாய் எப்படி இருக்கும்? ஏதாவது பேச்சில் நான் ஜெயித்துவிட்டால் போதும், உங்கள் பெண்கள் கூட்டத்துக்கு மூளை நூறு கிராம் குறைச்சல், நான் நிறுத்துப் பார்த்தவன் என்பார். தராசே சாட்சி சொன்ன பிறகு யாரிடம் போய் வழக்காடுவது? வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

போன மாதம் படியில் வழுக்கி, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். அப்போதுதான் அந்த ஆராய்ச்சிப் பெண் வந்தாள். ஆண் மூளையும் பெண் மூளையும் எப்படி வளர்கின்றன என்று நாலு வருடமாக அவருடைய ஜாடிகளை அளந்து எழுதுகிறவள். பத்து நாளில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். சீட்டுகள் சரியானவை என்று இவர் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

டீ குடித்தபடி கலகலப்பாகத்தான் பேசினாள். பெண்பிள்ளைகளின் மூளை பையன்களுடையதைவிட ஒன்றிரண்டு வருடம் முன்பே முழு அளவுக்கு வந்துவிடுமாம். நான் அவரைப் பார்த்தேன். அவர் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டார். ஆனால் ஒன்று அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆண் மூளை கனம் என்பது சராசரிக் கணக்குதானாம். எத்தனையோ பெண்களுடையது எத்தனையோ ஆண்களுடையதைவிடக் கனமாக இருக்குமாம். எங்கே நிறுத்தாலும் இரண்டும் கலந்துதான் கிடக்குமாம். இவருடைய ஜாடிகளிலோ, பெரியவர்களின் மூளை அறுபத்திரண்டிலும் ஆயிரத்து முந்நூறு கிராமில் கோடு கிழித்தாற்போல் அந்தப் பக்கம் ஆண், இந்தப் பக்கம் பெண். ஒன்றுகூடத் தாண்டவில்லை. அவளை வழிநடத்தும் அந்தப் பிரிவுப் பேராசிரியருக்கோ இதில் தலைகால் புரியாத சந்தோஷம்.

என் வீட்டுக்காரர் பேனாவைத் திறந்தார். எனக்குத்தான் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"ஏங்க, ஆறு வருஷம் முன்னாடி குழாய் உடைஞ்சு சீட்டெல்லாம் அழிஞ்சு போச்சுன்னீங்க. பதிவேடும் கூழாப் போச்சுன்னீங்க. அப்புறம் எதைப் பாத்து எழுதினீங்க?"

சத்தியமாக, ஒரு சந்தேகத்தில் கேட்டதுதான்.

"எடையைப் பாத்துதான்," என்றார். "ஆயிரத்து முந்நூறுக்கு மேல இருந்தா ஆண், கீழ இருந்தா பெண். சார் வகுப்புல அப்படித்தானே சொல்லுவாரு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் கையால் எழுதியதைத் தானே படித்து, ஆறு வருடமாக எனக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார் மனுஷன்! நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று திரும்பினேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விட்டுவிட்டேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எத்தனை ஜாடி என்று கேட்டாள். அவள் அளந்தது அத்தனையும் அந்தப் பழைய ஜாடிகள்தான் என்றார். அதற்குள் அவருக்கும் விஷயம் உறைத்துவிட்டது. ரெண்டே நாளில் எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிவிட்டான் என்று பேராசிரியர் அன்றைக்கு முதுகில் தட்டிக்கொடுத்தாராம். அதையும் சொன்னார், பாவம்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "போட்டுடவா டாக்டரம்மா?" என்றார். "நம்ம மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது."

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போடச் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்லட்டுமே என்றுகூட இருந்தது. நாலு வருடம் என்ன சும்மாவா? கடைசியில் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"என்ன செஞ்சீங்களோ அதை அப்படியே எழுதுங்கண்ணா. இன்னைக்கே சார்கிட்ட குடுத்துடறேன்."

அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் இரண்டு தடவை படித்து, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். வாசல்வரை கூடப் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்க கேக்காமயே இருந்திருக்கலாம் அக்கா."