பக்கத்து வீட்டுக்குக் கேட்குமா

ஹால்பெராவிடம் நாய்க்குட்டி கேட்டுப் போவதும் பெண் கேட்டுப் போவதும் எங்கள் பள்ளத்தாக்கில் ஒன்றுதான். காபி கொடுப்பாள், கேக் கொடுப்பாள், குட்டியை மட்டும் லேசில் கொடுக்க மாட்டாள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வேலி எப்படி, ஆடு உண்டா, கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்கக் கேட்கிறாயா, வளர்க்க முடியாமல் போனால் என்னிடமே திருப்பிக் கொண்டு வருவாயா என்று துளைத்தெடுத்துவிடுவாள். தன் பக்கத்திலும் அவள் அப்படித்தான். தாய் நாய் தீராவின் கண்ணையும் இடுப்பெலும்பையும் டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஆணோடு சேர்ப்பாள். வருகிறவர்கள் முன்னால் தாயைக் கொண்டுவந்து நிறுத்தி, "இவதான் அம்மா. நல்லாப் பாத்துக்கோங்க" என்பாள். எங்கள் ஐஸ்லாந்து மேய்ச்சல் நாய் ஒரு காலத்தில் பூண்டோடு அற்றுப்போக இருந்த சாதி. அதனால் அவளுடைய கெடுபிடியை யாரும் குறை சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை, போன வருஷம் வரை.

கடைசியாக ஒரு கேள்வி வைத்திருப்பாள். "குரைச்சா பக்கத்து வீட்டுக்குக் கேக்குமா?"

எங்கள் நாய்கள் எதற்கும் குரைக்கும். விருந்தாளிக்கு, காருக்கு, வானத்தில் போகும் அண்டங்காக்கைக்கு. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. "நாளைக்கு அவங்க சண்டைக்கு வருவாங்க, நீங்க நாயக் கட்டிப்போடுவீங்க. கட்டிப்போட்டா அது பைத்தியமாயிடும். காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க."

அவளுக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி, கோல்பெய்ன். ஹோல் பண்ணைக்காரன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் பண்ணைக்கு அடுத்தது என்னுடையது. ஞாயிற்றுக்கிழமையானால் என் வீட்டுக்கு அப்பமும் காபியும் சாப்பிட வந்துவிடுவான். அவனுடைய கிழட்டு நாய் கோலூர் அங்கே அவன் கொட்டகை வாசலில் நின்று குரைத்தால் என் வீடு வரைக்கும் கேட்கும். "உன் நாய் போடுற சத்தத்துல என் பசு பால் சுரக்க மாட்டேங்குது" என்று நான் திட்டுவேன். "உன் பசுவுக்குக் காது அதிகம், ரான்வெய்க்" என்பான்.

அவன் மந்தையில் ஓர் ஆட்டுக்குத் தொற்றுகிற மூளை நோய் வந்தது. ஒன்றுக்கு வந்தால் மந்தையையே கொன்றாக வேண்டும், அது சட்டம். ஒவ்வோர் ஆட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன், தானே ஒவ்வொன்றாகப் பிடித்து லாரியில் ஏற்றினான். கோலூர் பாலம் வரைக்கும் லாரிக்குப் பின்னால் ஓடிவிட்டுத் திரும்பி வந்தது. வந்ததும் வெறும் கொட்டகை வாசலில் படுத்தது. அடுத்து வந்த குளிர்காலத்திலேயே செத்தும் போனது. கொட்டகையைக் கழுவி, மரத்தை எரித்து, மண்ணை வாரி, சட்டம் சொன்ன காலம் கழிந்தால்தான் புது ஆடு. அதுவரை அவனுக்கு எழுந்து செய்ய ஒரு வேலை இல்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில், மலையிலிருந்து எல்லார் ஆடுகளையும் இறக்கி வட்டப் பட்டியில் பிரிக்கிற நாள். காதில் வெட்டிய அடையாளத்தைப் பார்த்து அவரவர் ஆட்டை அவரவர் அடைப்புக்கு இழுப்போம். கோல்பெய்ன் எல்லாருக்கும் இழுத்துக் கொடுத்தான். தன் அடைப்பின் கதவை மட்டும் திறக்கவில்லை. அங்கேதான் அக்காவிடம் கேட்டான்.

"அக்கா, அந்தக் கடைசிக் குட்டிய எனக்குக் குடேன்."

"ஆடு எங்கடா?"

"அடுத்த வருஷம் வந்துடும்."

"அப்ப அடுத்த வருஷம் வா. அடுத்த ஈத்துல தரேன்."

"அதுவரைக்கும் என்னை மேய்க்கட்டும். நானும் மயிர் வளத்துக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், இளகவில்லை. "ஆடில்லாத வீட்டுல அது என்ன பண்ணும்? காக்காயப் பாத்துக் குரைச்சே வீணாப்போகும். உன் வேலி வேற கிழிஞ்ச வலை. பக்கத்துல ரான்வெய்க் இருக்கா, உன்னை உண்டு இல்லேன்னு ஆக்கிடுவா."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்மா. குடுத்துத் தொலை" என்றேன்.

"தம்பிக்கு ஒரு நியாயம் ஊருக்கு ஒரு நியாயமா?" என்றாள். சொன்னால் சொன்னதுதான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நகரத்தில் ஒருவன் போனில் படம் காட்டியே குட்டி விற்கிறான், அவனிடம் வாங்கிக்கொள் என்று கோல்பெய்னிடம் சொன்னேன். அவன் தலையாட்டி மறுத்தான். "தாயக் கண்ணுல காட்டாதவன்கிட்ட வாங்குனா எங்கக்கா என் வாசப்படி மிதிக்க மாட்டா. அவ சொல்றது சரிதான். நான் காத்திருக்கேன்." மறுநாளே புதுக் கம்பி வாங்கி வந்து வேலியைச் சீர் செய்யத் தொடங்கினான்.

பனி இறுகிய மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பம் சாப்பிட வரவில்லை. சளி பிடித்திருக்கும் என்று இருந்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் அவன் ஜீப்பின் மேல் விழுந்த பனி விழுந்தபடியே இருந்தது. ஓடினேன். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே, பனிக்கட்டி மேல் கிடந்தான். கையில் சுத்தியல். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. விழுந்தவுடன் போகவில்லை, ரொம்ப நேரம் உயிர் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கூப்பிட்டும் இருப்பான். மனுஷக் குரல் அந்தக் காற்றில் என் வீட்டுக்கு எங்கே வரும்? நாய்க் குரல் வரும். வருஷக் கணக்காக வந்துகொண்டுதானே இருந்தது.

அடக்கம் முடிந்து, மாதா கோயில் கூடத்தில் காபி கொடுத்தார்கள். ஹால்பெரா தொடவில்லை. "என் கூட வா" என்று என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டாள். பின் சீட்டில் வளர்ந்த நாய் ஒன்று உட்கார்ந்திருந்தது. பின்னங்காலில் இந்தச் சாதிக்கே உரிய இரட்டைக் கட்டை விரல், கழுத்தில் வெள்ளைப் பட்டை. எனக்குச் சட்டென்று அடையாளம் தெரிந்தது. கோல்பெய்ன் கேட்ட குட்டி.

"வெளிநாட்டுக்காரன்கூடக் கேட்டான். நான் குடுக்கல. ஆடு வர்ற அன்னைக்குப் பழக்கின நாயா அவன் கையில குடுக்கணும்னு வச்சிருந்தேன். பேருகூட வைக்கல. பேரு வைக்கறது அவன் வேலை."

"பாவி, அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா தினம் வந்து நிப்பான். நானும் மனசு இளகிக் குடுத்துருவேன்" என்றாள். எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

ஹோல் பண்ணையில் வேலி முழுக்கப் புதுக் கம்பி. கொட்டகைக்குள் ஒரு மரப்பெட்டி இருந்தது. மூலைகளை இழைத்து, உள்ளே கம்பளி விரித்து, குட்டி ஏறி இறங்க முன் பலகையைத் தாழ்வாக வெட்டி வைத்திருந்தான். ஒரு பக்கம் மட்டும் ஆணி அடிக்காமல் கிடந்தது. ஹால்பெரா நாயைக் கூப்பிட்டுப் பெட்டியைக் காட்டினாள். அது முகர்ந்து பார்த்தது. முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்துச் சுற்றிப் படுக்கப் பார்த்தது. இடம் போதவில்லை. கோல்பெய்ன் பார்த்தது கைக்குள் அடங்கும் குட்டியை. அந்த அளவுக்குத்தான் செய்திருந்தான். அவள் நாயின் பின்பக்கத்தை மெல்ல மெல்ல உள்ளே தள்ளினாள். "படுடா... கொஞ்ச நேரம் படுடா" என்று கெஞ்சினாள். பிறகு அந்தக் கம்பளியில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. நாய் பயந்துபோய்க் குரைத்தது. நாங்கள் இரண்டு பேரும் அதை அடக்கவில்லை.

இந்தக் கோடையில் தீரா மறுபடி ஈன்றாள். குட்டி கேட்டு ஆட்கள் வருகிறார்கள், நானும் அவள் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். கண், இடுப்பு, வேலி எல்லாம் பழையபடிதான். ஆடு உண்டா என்று மட்டும் இப்போது கேட்பதில்லை. நேற்று ஒரு தனியாள் வந்தார், ஏரிக்கரையில் ஒற்றை வீடாம்.

"குரைச்சா பக்கத்து வீட்டுக்குக் கேக்குமா?" என்றாள்.

அந்த மனிதர் விவரம் தெரிந்தவர், சிரித்துக்கொண்டே சொன்னார். "கவலையே வேண்டாம்மா. சுத்துவட்டாரத்துல ஒரு வீடு கிடையாது. என்ன கத்தினாலும் யாருக்கும் கேக்காது."

ஹால்பெரா குட்டியைத் தன் மடிக்கே இழுத்துக்கொண்டாள்.

"அப்ப தர மாட்டேன்" என்றாள்.