ஹெல்ப் கேசட்

எண்பதுகளின் கடைசியில் அண்ணன் துபாயிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தனுப்பினார். அங்கே யாரோ பழசு என்று கழித்துப் போட்டது. பார்க்க வெறும் விசைப்பலகைதான். டிவியில் செருகிக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டால் தன் கம்பெனியிலேயே வேலை வாங்கித் தருவதாக எழுதியிருந்தார். பழவேற்காட்டில் இறால் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துக் கொட்டிக்கொண்டிருந்த எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

சொல்லித்தர ஊரில் ஆள் கிடையாது. நல்லவேளையாக அதிலேயே 'ஹெல்ப்' என்று ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கி, கூட வந்த கேசட்டை டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டால் பாடங்கள் திரையில் வரும். மூன்று வாரம் ஒழுங்காக வந்தன. அப்புறம் ஒருநாள் 'பிழை' என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது.

உப்புக்காற்றின் மேல்தான் பழியைப் போட்டேன். பூட்டு, சைக்கிள் செயின், கதவுக் கீல் எல்லாவற்றையும் தின்கிற காற்று இதை மட்டும் விடுமா? கம்பவுண்டரிடம் ஸ்பிரிட் வாங்கி ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்தேன். ஹெட்டின் பக்கத்திலிருந்த திருகாணியைக் கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். அதே பிழை. மூன்று மாதம் இப்படியே போயிற்று. வீட்டில் யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன். அண்ணியின் முகம் அந்த மாதங்களில் வாடிக்கொண்டே போனதை நான் கவனிக்கவே இல்லை. முன்பெல்லாம் தபால்காரர் மணியடித்தால் அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு ஓடிவருவார். இப்போது நகரவே மாட்டார்.

ரெக்கார்டரில் கம்ப்யூட்டர் வயரைச் செருகிவிட்டால் சத்தம் வெளியே வராது. ஒரு வெள்ளிக்கிழமை, கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வயர் முனையில் பிடித்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டலாம் என்று பிடுங்கினேன். அண்ணியின் குரல் கேட்டது.

"உங்க தம்பிய இவ வாப்பான்னு கூப்புடுறா. அடிச்சும் பாத்துட்டேன், நிறுத்தல. தெருவுல தல காட்ட முடியல. மிஷினு வாணாம், காசு வாணாம். ஒரு தபா வந்து புள்ளைக்கு மூஞ்சியக் காட்டிட்டுப் போங்க. வர முடியாதுன்னா பதிலே சொல்லாதீங்க. நான் புரிஞ்சிக்கிறேன்."

கேசட்டை நிறுத்தினேன். அண்ணன் மகளுக்கு மூன்று வயது. அவர் போனபிறகு பிறந்தவள். அவள் என்னை அப்பா என்கிற அர்த்தத்தில் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் மழலைதானே என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

துபாய்க்காரர் வீடுகளில் அன்று கடிதத்தைவிடக் கேசட்தான் அதிகம். அவர் பேசி அனுப்பியதன் மேலேயே நாம் பேசித் திருப்பி அனுப்புவோம். அண்ணன் குரலை அழிக்க மனசு வராமல் அண்ணி வேறு கேசட் தேடியிருக்கிறார். ஹெல்ப் கேசட்டில் இருப்பது கம்ப்யூட்டருக்கு மட்டும் புரிகிற ஒலி; போட்டுக் கேட்டால் கிர்ரென்று இரைச்சல்தான் வரும். கெட்டுப்போனது என்று நினைத்து அதில் பேசிவிட்டார். துபாய் திரும்பும் ஒருவரிடம் சேர்க்கச் சொல்லி என்னிடம் அந்தப் பொட்டலத்தைக் கொடுத்தார். வழியில் பிரித்துப் பார்த்தது நான். என் ஹெல்ப் கேசட்டைத் தவறுதலாக வைத்துவிட்டார் என்று திரும்பி வந்து, அதை எடுத்துக்கொண்டு, அண்ணன் பேசிய கேசட்டை உள்ளே வைத்துக் கொடுத்ததும் நான்தான்.

தன் குரலே தனக்குத் திரும்பி வந்திருப்பதாகவும், அண்ணியை மறுபடி பேசி அனுப்பச் சொல்லும்படியும் அண்ணன் அப்போதே எனக்கு எழுதியிருந்தார். சிவப்பு பட்டனை அமுக்காமல் பேசியிருப்பார் என்று சிரித்தேன். அடுத்த ஆள் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எனக்கு என் கம்ப்யூட்டர்தான் பெரிதாக இருந்தது. பதிலே சொல்லாதீங்க என்று கேட்டவருக்கு மூன்று மாதம் பதிலே வராமல் பார்த்துக்கொண்டவன் நான் என்று நினைத்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

அண்ணி பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கேசட்டைக் காட்டி, நடந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் கத்தட்டும், நாலு அறை அறையட்டும் என்று காத்து நின்றேன். அவர் அரிவாள்மனையை விட்டுக் கையை எடுத்தார்.

"அப்போ அவங்க இன்னும் கேக்கவே இல்லியா?"

இல்லை என்றேன். நம்பாமல் இன்னொரு முறை கேட்டார். இல்லை அண்ணி என்று மறுபடி சொன்னதும் சுவரில் சாய்ந்து அழுதார். அழுகை முடிவதற்குள்ளேயே முகம் தெளிந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தபால் ஆபீஸ் மூடுறதுக்குள்ள இத அனுப்பிட்டு வா, தம்பி."