பழைய சாமான் குவியலில் ஒரு குக்கர் மூடி

எனக்கு எழுபத்தி நாலு வயசு. பெத்தது அஞ்சு, தம்பி பிள்ளைங்களையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழுக்கும் சோறாக்கிப் போட்ட இந்தக் கையில ஒரு பொட்டுத் தீக்காயம் கிடையாது. கவனமா சமைச்சா எதுவும் ஆகாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ நான். அந்தப் பேச்சை இப்ப நிறுத்திட்டேன்.

போன வெள்ளிக்கிழமை, கொல்லங்கோட்டுல இருக்கிற எங்க பாத்திரக் கடைக்குத் தெய்வானை வந்தா. மாங்காய் மண்டியில காய் தரம் பிரிக்கிறவ. கையில பாலக்காட்டு கன்ஸ்யூமர் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பு.

“ஜெயிச்சுட்டனுங்க பாயம்மா”ன்னா.

யார் மேல கேஸ்? குக்கர் கம்பெனி மேல. ரெண்டாவதா யார் பேரு? அதை வித்த எங்க கடை பேரு! அப்புறம் எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றா? முதல்லேருந்து சொல்றேன்.

போன வருஷம் எங்க கடையிலதான் அந்தக் குக்கரை வாங்கினா. ரெண்டு மாசம்கூட ஆகலை. ஒருநாள் காலையில பருப்பு வேகும்போது மூடி பிச்சுக்கிட்டுப் பறந்துச்சு. வலது கையும் கழுத்தும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில கிடந்தா.

தெருவுல என்ன பேச்சு? “போனைக் காதுல வெச்சுக்கிட்டு விசிலை எண்ணாம விட்டிருப்பா.” சொன்னவங்கள்ல நானும் ஒருத்தி.

எங்க கடையில பழசைக் கொடுத்துப் புதுசு வாங்குற வழக்கம் உண்டு. நசுங்கினது, ஓட்டையானது, எதுவானாலும் எடுத்துக்குவோம். பின்கட்டுல குவிச்சு வெச்சு, குவியல் பெருசானதும் கோவிந்தாபுரம் வழியா பொள்ளாச்சிக்கு லோடு அனுப்புவோம். அவ ஆஸ்பத்திரியில இருக்கும்போது அவ ஊட்டுக்காரர் அந்த வெடிச்ச குக்கரைச் சாக்குல கட்டி எடுத்துக்கிட்டு வந்தார். “இது ஊட்டுல இருக்கப்படாதுங்க பாயம்மா, பார்த்தாலே புள்ளைங்க அழுவுதுங்க”ன்னார். நான்தான் வாங்கிக் குவியல்ல போட்டேன். பதிலுக்கு ஒரு நல்ல பானை கொடுத்தேன். பெரிய புண்ணியம் பண்ணினதா எனக்கு நெனப்பு.

மூணு மாசம் கழிச்சு தெய்வானை வந்து நின்னா. வலது கை விரல் மடங்கலை. மாங்காயைப் பிடிச்சா நழுவுது. மண்டியில இப்ப இடது கையால பிரிக்கிறா.

“கம்பெனிக்காரரு வந்தாருங்க. நான் சரியா மூடலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா புதுக் குக்கர் தர்றாங்களாம்.”

“வாங்கிக்க வேண்டியதுதானே?”ன்னேன்.

“நல்லா மூடினது எனக்குத் தெரியுமில்லீங்க? இல்லைன்னு நானே எப்படிங்க எழுதறது?”

கேஸ் போட்டிருக்கிறதாச் சொன்னா. வக்கீல் இல்லை, அவளே எழுதிக் கொடுத்தது. “உங்க கடை பேரும் அதுல இருக்குதுங்க. நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி நேர்ல சொல்லோணும்னுதான் வந்தேன். கோபிச்சுக்காதீங்க. அப்புறம்... அந்தக் குக்கர் வேணுங்க. பரிசோதனைக்கு அனுப்போணுமாம். அது இல்லைன்னா நான் சொல்றதை யாரு நம்புவாங்க?”

கேஸும் போட்டுட்டு, அதை நம்ம கடை வாசல்லயே வந்து சொல்ற தைரியம்... எத்தனை பேருக்கு வரும்?

எம்மகன் சாகுல் கல்லாவுல இருந்தான். நிமிரவே இல்லை. “அந்த லோடு போயிருச்சுங்களே”ன்னான்.

அவ அப்படியே திரும்பி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தா.

லோடு போகலை. எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

“ஏன்டா?”ன்னேன்.

“நம்ம பேரும் இருக்குதும்மா. மூடி கிடைக்கலைன்னா கேஸே நிக்காது.”

“அவ கை?”

அவன் கல்லாவுல சில்லறையை எண்ண ஆரம்பிச்சான்.

பின்கட்டுக்குப் போய்க் குவியல்ல கையை விட்டேன். அண்டா, தவலை, காது போன வாணலி... எல்லாத்துக்கும் அடியில அந்தச் சாக்கு. உள்ள அடிப்பாகமும் இருந்துச்சு, மூடியும் இருந்துச்சு. உலர்ந்த பருப்பு இன்னும் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நல்லவேளை, நான் கழுவலை! பஸ் வர்றதுக்குள்ள நானே நடந்துபோய் அவ இடது கையில கொடுத்தேன். சாகுல் தடுக்கலை. அந்த மட்டுக்கும் அவன் எம்மகன்தான்.

மூடியில சேஃப்டி வால்வுன்னு ஒண்ணு இருக்குமில்ல? சூடு மீறினா உருகி ஆவியை வெளிய விடணும். பரிசோதனையில பார்த்தா அது உருகவே இல்லை. உருகாத உலோகத்துல செஞ்சு வெச்சிருக்காங்க. அவ கை மேல தப்பில்லை, குக்கர் மேலதான் தப்புன்னு கோர்ட்டு எழுதிக் கொடுத்திருச்சு. நஷ்ட ஈடு கம்பெனி கொடுக்கணும். அந்த ரகத்தை இனி விக்கக் கூடாது, வித்ததைத் திருப்பி வாங்கணும்னு எங்களுக்கும் உத்தரவு. தீர்ப்பு வந்ததிலிருந்து சாகுல் பில் புக்கைப் புரட்டி ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக்கிட்டிருக்கான்.

அடுப்படியில எது வெடிச்சாலும் நாம முதல்ல பார்க்கிறது பொம்பளையோட கையை. சாமானை எடுத்துப் பார்க்கிறதே இல்லை. தெய்வானை பார்க்க வெச்சா. மடங்காத விரலோட, ஒத்தை ஆளா, பாலக்காட்டுக்குப் பஸ் ஏறி ஏறி.

விரல் இன்னும் மடங்கலை. அதுக்கு எந்தக் கோர்ட்டுலயும் தீர்ப்பு இல்லை. ஆனா போன வெள்ளிக்கிழமை அந்தக் காகிதத்தை எங்க கல்லாவுல விரிச்சு வெச்சு, ஒரு வரியை மட்டும் தொட்டுக் காட்டினா. “நான் சரியாத்தானுங்க மூடியிருக்கேன்”ன்னா.

எழுத்துக் கூட்டிக் கூட்டி இதை எழுத எனக்கு நாலு நாள் ஆச்சு. பேத்தி ரிஸ்வானா, சாகுலோட மக, பக்கத்துலதான் இருக்கா.

எங்கே கண்ணு, ஒருக்கா வாசி. ‘லோடு போயிருச்சு’ன்னு வர்ற எடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமா... உங்கத்தா கல்லாவுலதான் உட்கார்ந்திருக்கான்.