ரசமட்டம் வைத்து வெட்டிய வேலிச்செடி

பியூலா அக்கா, இதை யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் அம்மாவிடமும் வேண்டாம், என் அப்பாவிடம் கண்டிப்பாக வேண்டாம். படித்ததும் கிழித்துவிடுங்கள். எதிர் வீட்டு ப்ரீத்திதான் எழுதுகிறேன். நாளை நினைவு ஆராதனையில் படிக்க, உங்கள் அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். அதில் எழுத முடியாததுதான் இது.

திங்கட்கிழமை காலை உங்கள் வீட்டு வேலிச்செடி ஓரமாக ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அம்மா செருப்பில்லாமல் ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். "இன்னிக்கு ஸ்கூல் வேணாம்மா. ஜெபராஜ் அங்கிள் ஆபீஸ்ல மயங்கி விழுந்துட்டாராம். தவறிட்டாராம்." பஸ் வந்தது, நின்றது, போனது. செடிக்கு மேலே மாக்கிங்பேர்ட் குருவி கத்தியது. அங்கிள் கார் பூட்டும்போது வருமே, அந்த இரட்டைச் சத்தத்தை அது அப்படியே எழுப்பும். அன்றும் எழுப்பியது. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

எங்கள் தெருவில் அங்கிளைத் தெரியாதவர்களுக்கும் அந்த வேலிச்செடியைத் தெரியும். இரண்டு முனையிலும் குச்சி நட்டு, வெள்ளை நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் செடி வெட்டும் ட்ரிம்மரை எடுப்பார். ஷங்கர் அங்கிள் காரை நிறுத்தி, "இது மேல டம்ளர் வச்சா தண்ணி சிந்தாது போலிருக்கே ஜெபராஜ்" என்பார். "வச்சுப் பாருங்க சார், சிந்தினா டம்ளர்லதான் கோளாறு" என்பார் அங்கிள், சிரிக்காமல்.

போன வருடம் ஏப்ரலில் அந்தச் செடிக்குள் ஒரு கூடு இருந்தது. ஆகஸ்ட் முடியும்வரை வெட்ட வேண்டாம் என்று நீங்கள் இருக்கும் எடிசன் ஊரிலிருந்து போனில் சொன்னீர்களாம். அவரும் சரி என்றாராம். "டாடி என் பேச்சைக் கேட்டு அப்படியே விட்டுட்டார்" என்று நேற்று நீங்கள் எல்லாரிடமும் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வெட்டினார், அக்கா. கூட்டைச் சுற்றி ஒரு கொத்தை மட்டும் தொப்பி மாதிரி விட்டுவிட்டு, மீதியை நேராக வெட்டினார். பஸ்ஸிலிருந்து இறங்கிய என்னைக் கூப்பிட்டு, எவ்வளவு ஜாக்கிரதையாக வெட்டியிருக்கிறேன் பார் என்று பெருமையாகக் காட்டினார். உள்ளே மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்தன. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது.

மறுநாள் நான் வந்தபோது கூடு காலியாக இருந்தது. காக்கைக்கு அந்தத் தொப்பி வழி காட்டிவிட்டது. தாய்ப்பறவை புழுவை அலகில் வைத்துக்கொண்டு தபால் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தது. அங்கிள் ஆபீஸ் பேட்ஜைக்கூடக் கழற்றாமல் புல்லில் உட்கார்ந்திருந்தார். "கூட்டை நான் தொடவே இல்ல. அதை மறைச்சிட்டிருந்த இலையைத்தான் வெட்டினேன். ரெண்டும் ஒண்ணுன்னு தெரியலம்மா" என்றார். பிறகு, "பியூலாகிட்ட வெட்டலன்னு சொல்லிட்டேன். நீ சொல்லிடாத" என்றார்.

சொல்லவில்லை. இன்றுவரை.

அதற்குப் பிறகு அவர் ட்ரிம்மரைத் தொடவே இல்லை. தெருக் கூட்டத்தில், மார்ச்சிலிருந்து ஆகஸ்ட்வரை யாரும் செடி வெட்டக் கூடாது என்று விதி போடச் சொன்னார். காரணம் கேட்டார்கள். மகள் சொன்னாள் என்றார். சிரித்தார்கள். விதி வரவில்லை. அவருடைய செடி மட்டும் காடாக வளர்ந்தது. வயதாகிவிட்டது, சோம்பல் வந்துவிட்டது என்று பேசினார்கள். கேட்டும் அவர் செடியை அப்படியே விட்டார்.

நாளை காலை எட்டு மணிக்கு அப்பாவும் ஷங்கர் அங்கிளும் அதை வெட்டப் போகிறார்கள். ஆராதனைக்கு வருகிறவர்கள் பார்க்கும்போது செடி பழையபடி நேராக இருக்க வேண்டுமாம். "ஜெபராஜ் அண்ணனுக்கு நாம செய்யற கடைசி மரியாதை" என்று சொல்லும்போது அப்பா அழுதார். உங்கள் அம்மாவும் தலையாட்டினார்கள். உள்ளே மறுபடியும் கூடு இருக்கிறது. இரண்டு குஞ்சுகள், இன்னும் இறகு முளைக்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "தெரியும்மா. அந்த இடத்தை மட்டும் விட்டுட்டுச் சுத்தி வெட்டிக்கிறோம். ஒண்ணும் ஆகாது" என்றார். ஏன் ஆகும் என்று சொல்ல வேண்டுமானால் போன வருடத்தைச் சொல்ல வேண்டும். அழுதுகொண்டிருக்கும் அப்பாவிடம், அவருடைய ஜெபராஜ் அண்ணனைப் பற்றி எப்படிச் சொல்வேன்?

உங்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் அங்கிள் கேட்டார். ஆனால் அது உங்கள் செடி. நீங்கள் வேண்டாம் என்றால் யாரும் தொட மாட்டார்கள். காரணம்கூடச் சொல்ல வேண்டாம், அவரும் உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. தினமும் விடிந்ததும் வாசல் படியில் வந்து உட்காருகிறீர்களே, அப்போது ஓடி வந்து இதைக் கொடுப்பேன். அவர் பொய் சொன்னார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உங்களிடம் சொன்னதைப் பிறகு உண்மையாக்கப் பார்த்தார்.

அவருடையவை என்று என்னிடம் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, அந்த வெள்ளை நூல்கண்டு. "எனக்கு இனிமே வேணாம், ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு வச்சுக்கோ" என்று அவரே கொடுத்தார். அதை வெட்டாமல் வைத்திருக்கிறேன். இன்னொன்று அவர் கொடுத்ததில்லை. அப்பா உங்கள் கராஜிலிருந்து வாங்கி வந்த ட்ரிம்மரின் பேட்டரி. இப்போது என் தலையணைக்கு அடியில்

அப்பா கதவைத் தட்டுகிறார். பேட்டரியைத்தான் கேட்கிறார். அக்கா, எட்டு மணிக்கு முன்னால் நீங்கள்