ஒரே கிண்ணத்தில் மூவருக்குத் தேநீர்

கவுன்சிலில் உணவகங்களின் சுத்தத்தைப் பரிசோதிக்கும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றாலும் என் மூக்கு ஓய்வு பெறவில்லை. லண்டனில் ஜப்பானியத் தேநீருக்கென்றே இருக்கும் சிறிய அருங்காட்சியகம் ஒன்றுக்கு மனைவி என்னை இழுத்துப் போனபோது, நான் முதலில் தேடியது கை கழுவும் தொட்டியைத்தான்.

பாய் விரித்த அறையில் எங்களோடு ஒரு வெள்ளைக்காரரும் இருந்தார். தேநீர் தயாரித்த அம்மையார், கூழ்போல் தடித்த பச்சைத் தேநீரை ஒரே கிண்ணத்தில் வைத்து, மூவரும் ஒருவர்பின் ஒருவராகக் குடிப்பதுதான் முறை என்றார். எச்சிலுக்கும் ஒரு முறையா? கிண்ணம் முதலில் அந்த மனிதரிடம் போனது. அவருடைய வெளுத்த கையில் மண்ணிறமாக ஒரு படை தெரிந்தது.

"உந்த வெள்ளையன்ர கையைப் பாரும். என்ன தோல் வருத்தமோ தெரியாது. நீர் குடிக்காதையும்," என்று மனைவியிடம் தமிழில் சொன்னேன். குரலைத் தாழ்த்தவில்லை. அங்கே யாருக்கு விளங்கப் போகிறது?

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"தொத்து வருத்தமில்லை அண்ணை. எனக்கு வெண்புள்ளி. அந்த மண்ணிறத் துண்டுதான் என்ர சொந்த நிறம். மற்றதெல்லாம் வெளுத்துப் போச்சு. நீங்கள் முதல் குடியுங்கோ, நான் கடைசியா வாங்கிறன்."

வெண்புள்ளி தொற்றாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் என் கண் கிண்ணத்தின் விளிம்பிலேயே இருந்தது.

"நீங்கள் குடிச்சிட்டுத் தாங்கோ தம்பி. இவர் பென்ஷன் எடுத்தும் இன்ஸ்பெக்ஷனை விடேல்லை," என்றாள் மனைவி.

அவர் சிரித்துக்கொண்டே குடித்தார். முறைப்படி கிண்ணத்தின் விளிம்பை ஒருமுறை துடைத்தார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் அழுத்தித் துடைத்தார்.

முதல் துடைப்பு ஜப்பானிய முறைக்காக. இரண்டாவது எனக்காக. அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. என் முறை வந்ததும் கிண்ணத்தை வாங்கிக் குடித்தேன், அவ்வளவுதான்.