வாங்க சொல்லாத காலை

துடியலூரில் வெங்கடலட்சுமி வாசலில் நின்று 'வாங்க' என்றால் மேட்டுப்பாளையம் ரோட்டில் போகிற பஸ்ஸே ஒரு நிமிஷம் நிதானிக்கும். ஓட்டைப் பிரித்து இறங்கிய திருடனுக்குக்கூட வாங்க சொல்லிச் சொம்பில் தண்ணீர் கொடுத்தவர். அவன் கூச்சப்பட்டுச் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். செருப்பு இன்னும் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்க்கலாம். நம் பக்கத்தில் வேலியைத் தள்ளிப் போட்டவனை மன்னித்தாலும் மன்னிப்பார்கள், வீடு தேடிப் போனவர்களுக்கு வாங்க சொல்லாதவர்களை மன்னிக்க மாட்டார்கள்.

மில்லில் நின்று நின்றே தேய்ந்த முழங்கால் அவருக்கு. ஆபரேஷனுக்கென்று பேங்கில் போட்டு வைத்த பணம் ஒன்றுதான் கையிருப்பு. ஆடி மாதம் ஒரு காலையில் அந்தப் பணத்தைத் தேடிக்கொண்டு ஒரு வீடியோ கால் வந்தது. திரையில் காக்கிச் சட்டைக்காரன். வெளிநாட்டில் இருக்கும் மகன் சசிதர் பெயரில் பார்சல் பிடிபட்டதாம், உள்ளே போதை மருந்தாம். போனை வைக்கக் கூடாது, யாரிடமும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் மகன் ஜெயிலுக்குள். பேங்க் பணத்தைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், வருகிற ஓடிபியைச் சொன்னால் போதும்.

வெங்கடலட்சுமிக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்க எழுந்தால் போனிலிருந்து ஓர் அதட்டல்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மெர்சி தூக்குப்போசியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வெறும் போசியாகத் தரக் கூடாதென்று முருங்கைக்கீரை நிரப்பியிருந்தார். வெங்கடலட்சுமி அவரைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மெர்சிக்கு முகம் செத்துப்போயிற்று. கீரையோடு திரும்பி நடந்தார். கேட்டைத் தாண்டும்போது ஆற்றாமை பொங்கியது. எதிர்வீட்டு மாரியாத்தாளை நியாயம் கேட்கக் கூட்டிக்கொண்டு மறுபடி உள்ளே நுழைந்தார்.

"ஏனுங்கக்கா, நா என்ன தப்புச் செஞ்சுபோட்டேன்? ஒரு வாங்க சொல்ல வாய் வரலீங்களா?"

வெங்கடலட்சுமி கண்ணால் போனைக் காட்டினார். ஓடிபி வந்துவிட்டது. "யார் அது? வெளியே அனுப்பு!" என்றான் காக்கிச் சட்டைக்காரன்.

மெர்சி குனிந்து அவனைப் பார்த்தார். "ஓ, நீங்க சொல்லித்தான் எனக்கு வாங்க இல்லீங்களா? ஏனுங்க சார், ஊட்டுக்கு வந்தவங்களை வாங்கன்னா கேஸ் போடறது எந்த ஊர்ச் சட்டமுங்க?"

"போலீஸ் டேசன் கூப்புடு தூரந்தானுங்க," என்றார் மாரியாத்தாள். "அக்காளைக் கூட்டிட்டு நாங்களே வாரோம். எங்கயும் போயறாதீங்க."

அவன் போயேவிட்டான். மெர்சி உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்து விவரம் சொன்னார். சசிதரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டால், அவன் பார்சலே அனுப்பவில்லை.

"வாங்கம்மணி," என்றார் வெங்கடலட்சுமி, அழுதுகொண்டே.

"இப்பச் சொல்லி என்னுங்க," என்று முறுக்கிக்கொண்டே மெர்சி உட்கார்ந்தார்.

அதற்குப்பின் எங்கள் தெருவில் யாராவது வாங்க சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வதில்லை. முதலில் அவர் கையிலிருக்கும் போனைத்தான் எட்டிப் பார்க்கிறோம். போன் அடித்தால் வெங்கடலட்சுமி இன்னும் உடனே எடுப்பதில்லை. எடுப்பதற்கு முன் சுவர் தாண்டி மெர்சியைக் கூப்பிட்டுவிடுகிறார். நேற்றும் அப்படித்தான் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார்கள். ஆபரேஷன் தேதியைச் சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அதையும் மெர்சி நம்பவில்லை. நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.