சந்தனப் பொட்டுக்கு அடியில் ஒரு பொத்தான்

என் விண்ணப்பக் கடிதத்தை என் கணவர் மூன்று முறை திருத்தினார். அடையாறில் ஒரு சின்னப் பள்ளிக்குத் தமிழ் டீச்சர் தேவை என்று கேள்விப்பட்டு, பதினாறு வருடம் வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டு நான் எழுதிய கடிதம் அது. வீட்டு பிரிண்டர் அவருடைய கம்ப்யூட்டரோடு கேபிளில் கட்டுண்டு கிடந்தது. எனக்கு ஒரு பக்கம் வேண்டுமென்றால் அவருக்கு மெயில் அனுப்ப வேண்டும். அவர் படிப்பார், திருத்துவார், மனசு வந்தால் பிரிண்ட் எடுப்பார்.

"தன்னம்பிக்கை, அது இதுன்னு எதுக்கு? அடக்கமா எழுது," என்றார் முதல் முறை. இரண்டாம் முறை, நான் வீட்டில் டியூஷன் எடுத்த நாலு வருடத்தை, "இதெல்லாம் ஒரு அனுபவமா?" என்று அடித்துவிட்டார். மூன்றாம் முறை, "இந்த வயசுல இது தேவையா, யோசிச்சுக்கோ," என்று சொல்லி, பிரிண்டே எடுக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பென் டிரைவை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே கரண்ட் இல்லை. ஆனால் மேஜைமேல் எங்கள் வீட்டு பிரிண்டர் மாதிரியே ஒன்று உட்கார்ந்திருந்தது. சொன்னேன். கடைக்காரர் சிரித்தார்.

"இதே மாடலா? அப்புறம் இன்னாத்துக்கும்மா இங்க வந்துகினு கீறீங்க? இதுல வைஃபை கீது, கேபிளே வாணாம். இந்த பட்டனை அமுக்கிப் புடிங்க, லைட்டு மின்னும். ரெண்டு நிமிசத்துக்குள்ள மோடத்துல கீற பட்டனையும் அமுக்குங்க. அவ்ளோதான்."

வீட்டுக்கு வந்து தேடினால் பொத்தானைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கணவர் தன் கையால் வைப்பது. பழையதைத் துடைக்கக் கூடாது என்று அதன் மேலேயே புதுசு வைப்பார். ஐந்து வருடச் சந்தனம் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. சாமி குத்தம் என்றால் என் பேரிலேயே இருக்கட்டும் என்று நகத்தால் சுரண்டினேன். அடியில் பொத்தான் பத்திரமாக இருந்தது.

மோடம் ஷோகேஸ் உச்சியில். முதல் தடவை ஸ்டூலைத் தேடுவதற்குள் இரண்டு நிமிடம் ஓடிவிட்டது. அடுத்த தடவை ஸ்டூலைப் போட்டு, புடவையைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தேன். மின்னிக்கொண்டிருந்த விளக்கு நிலையாக எரிந்தது. மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் பிரிண்டரின் பெயரும் வந்தது. "யாருகிட்ட!" என்று ஆளில்லாத வீட்டில் சத்தமாகவே சொன்னேன்.

மறுநாள் காலை அவர் பிரிண்டருக்குப் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் வெளியே போகும்வரை நான் காத்திருந்திருக்கலாம். எதற்குக் காத்திருக்க வேண்டும்? சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்து, அங்கிருந்தே பிரிண்ட் கொடுத்தேன். கூடத்தில் பிரிண்டர் கடகடவென்று ஓடியது.

"கம்ப்யூட்டரை இன்னும் ஆன் பண்ணவே இல்லையே!" என்று அவர் எழுந்துவிட்டார். தாளை எடுத்துப் படித்தார். தன்னம்பிக்கை இருந்தது, நாலு வருட டியூஷனும் இருந்தது. அவர் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவுக்குப் போயிற்று.

இன்னொரு பிரதியும் கொடுத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். அவர் இரண்டாவது வரியை அடித்துக்கொண்டிருக்கும்போதே அது வெளியே வந்தது. எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

"அது உங்களுக்கு. நிதானமா திருத்துங்க. நான் குடுக்கப் போறது இது," என்று சொல்லிவிட்டு, அடையாறு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன்.